புலிவரிக் கிட்டாரும் உப்புத்தாளும்: வாசகர் கேள்வி பதில்

மின்கிட்டாரின் முகப்பில் வரும் வரிமரம், அதன் பழைய பூச்சை எடுப்பது, மறுபடி சாயமேற்றிப் பூசுவது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இம்முறை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, செகண்ட் ஹேண்டில் ஒரு கிட்டார் வாங்கினேன். முன்பக்கம் புலிவரி போட்ட மேப்பிள், லேசான மஞ்சள் பூச்சு. கீறல் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு நீலம் ஏற்ற ஆசை. எத்தனாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கட்டும்?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: உப்புத்தாளை இன்னும் வாங்க வேண்டாம். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். பிக்கப்பின் (கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) திருகாணிகளை எடுத்து, அதை மெல்லத் தூக்கி, குழியின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் கிட்டாரில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை அந்த விளிம்புதான் சொல்லும்.

வெளிர் மேப்பிள் 5, 6 மி.மீ. தடிமனில் தனிப் பலகையாகத் தெரிந்தால் அது முழுப்பலகை முகப்பு. வயலின் போல மேடாகச் செதுக்கிய முகப்பாக இருந்தால் நடுப்பகுதி 15 மி.மீ.க்கு மேலும் இருக்கும். பூச்சுக்கு அடியில் பென்சில் கோடு போல ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் தெரிந்தால் அது வெனீர், அதாவது வேறு மரத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தாள். அதன் தடிமன் சுமார் அரை மி.மீ.; இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கிப் பாருங்கள், அவ்வளவுதான். அடுக்கே தெரியவில்லை, முன்பக்கம் மட்டும் வரி இருக்கிறது என்றால் அது அச்சிட்ட படமாக இருக்கலாம்.

சந்தேகம் தீர, அறையை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கைப் போட்டு, கிட்டாரை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். வரிமேப்பிளில் நார் நேராக ஓடுவதில்லை, அலையலையாக ஓடுகிறது. பலகையாக அறுக்கும்போது அலையின் ஒரு சரிவில் நாரின் வெட்டுவாய் மேலே வருகிறது, மறு சரிவில் நாரின் விலாப்பக்கம் வருகிறது. வெட்டுவாய் ஒளியை உள்ளே இழுத்துக்கொண்டு இருண்டு தெரியும். விலாப்பக்கம் ஒளியைத் திருப்பி மின்னும். கிட்டாரைச் சாய்த்தால் இருண்ட வரி மின்னும், மின்னிய வரி இருளும். இருநிற ஊடும் பாவும் உள்ள பட்டுப்புடவை மடிப்பில் நிறம் மாறுமே, அந்த ஓட்டம். அச்சுப் படத்தில் வரி இடம் மாறாமல் அப்படியே நிற்கும்; லென்ஸில் பார்த்தால் அச்சுப் புள்ளிகளும் தெரியும்.

முழுப்பலகை என்றால் தாராளமாகத் தேய்க்கலாம், அடுத்த பதிலைப் படியுங்கள். படம் என்றால் தேய்த்தால் எதுவுமே மிஞ்சாது. வெனீர் என்றால் பூச்சை முழுக்க எடுக்காதீர்கள் என்றே சொல்வோம். பல கிட்டார்களில் வெனீரை விட அதன் மேலுள்ள பூச்சே தடிமனாக இருக்கிறது. அதைத் தேய்த்து முடிக்கும் இடத்தில் உங்கள் கை நிற்காது. 400 வாட்டர் பேப்பரால் மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, ஆழமான கீறல்களில் தெளிந்த லேக்கரைச் சொட்டு சொட்டாக விட்டு நிரப்பி, காய்ந்ததும் சமன் செய்து, மேலே சாயம் கலந்த லேக்கரை ஸ்ப்ரே செய்யுங்கள்.

ஆனால் நீலத்தை மறந்துவிட வேண்டும். மஞ்சள் பூச்சின் மேல் நீலம் அடித்தால் பச்சைதான் வரும். அதே மஞ்சளின் மேல் சிவப்போ பழுப்போ அடித்தால் செர்ரி, புகையிலை நிறங்கள் அழகாக வரும்.

கேள்வி: என் கிட்டார் முழுப்பலகை முகப்புதான், பார்த்துவிட்டேன். பெயின்ட் ரிமூவர் இரண்டு தடவை பூசியும் பூச்சு அசையவே இல்லை. என்ன பூச்சு இது? எப்படி எடுப்பது?
(வாசகர், அண்ணா நகர், மதுரை)

பதில்: பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். ஃபெண்டர் கிட்டார்கள் 1968 வாக்கில் தடித்த பாலியெஸ்டருக்கு மாறின. இன்று நடுத்தர விலையில் வரும் பெரும்பாலான கிட்டார்களில் இருப்பதும் இந்த இரண்டில் ஒன்றுதான். காயும்போது வேதிவினையில் இறுகிவிடுவதால் எந்தக் கரைப்பானும் அதைத் திரும்பக் கரைக்காது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஸ்பிரிட்டுக்கே இளகினால் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு). எதற்கும் அசையாவிட்டால் பாலி.

பாலியை எடுக்க ஹீட் கன் வேண்டும். பட்டி போடும் தகட்டின் இரு மூலைகளையும் அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். கூர்மூலைதான் மரத்தைக் கீறும். பிக்கப் குழியின் விளிம்பில் தொடங்கி, மூன்று விரற்கடை தூரத்தில் ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே இருங்கள். பூச்சு இளகி லேசாக உப்பும்போது தகட்டை அடியில் கொடுத்துத் தள்ளினால் துண்டு துண்டாகப் பெயரும். உப்புவதற்கு முன் தள்ளினால் மரச் சிம்பையும் சேர்த்து எடுக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மேப்பிள் கருகும். அந்தக் கருக்கு ஆழமாக இறங்கும், வெளிர் சாயம் எதுவும் அதை மறைக்காது.

முகப்பின் ஓரத்தைச் சுற்றி ஒட்டிய விளிம்புப் பட்டையிலிருந்து (பைண்டிங்) இரண்டு அங்குலம் வரை ஹீட் கன்னைக் கொண்டுபோகவே கூடாது. பட்டை செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்தால் சுருளும். அந்த ஓரத்தை மட்டும் ஸ்க்ரேப்பராலும் 120 உப்புத்தாளாலும் கையால் எடுங்கள். அரை நாள் வேலை, வேறு குறுக்குவழி இல்லை. பெயின்ட் ரிமூவரும் பட்டையைக் கரைக்கும் என்பதால் ஏற்கெனவே பூசியதை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெனீர் முகப்பில் ஹீட் கன்னைப் பயன்படுத்தவே வேண்டாம். சூட்டில் பசை விட்டு வெனீர் எழும்பிவிடும்.

கடைசியில் மிஞ்சும் மெல்லிய அடிப்பூச்சைத் தேய்க்கும்போது உப்புத்தாளில் படியும் தூளைப் பாருங்கள். பூச்சின் தூள் சுண்ணாம்பு போல வெளுத்து வரும். மரத்தைத் தொட்டதும் தூள் கோதுமை மாவு நிறத்துக்கு மாறும். அங்கே நிறுத்துங்கள்.

கேள்வி: நிறுத்தவில்லை! வெனீர் என்று தெரியாமல் ஆர்பிட்டல் சாண்டர் வைத்துத் தேய்த்துவிட்டேன். கை சாயும் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு வரியே இல்லாத வெள்ளை மரம் தெரிகிறது. காப்பாற்ற முடியுமா?
(வாசகர், மேலூர்)

பதில்: அந்த இடத்தில் வரி திரும்ப வராது. கிட்டாரைக் காப்பாற்றலாம். வளைவுகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெல்லியதாகவே படிகிறது, சாண்டரின் முழு அழுத்தமும் அங்கேதான் விழுகிறது. அதனால் முதலில் தேய்வது எப்போதும் அந்தச் சரிவுதான்.

ஓட்டை ஓரத்தில் இருப்பது உங்கள் நல்ல நேரம். சன்பர்ஸ்ட் அடியுங்கள். சுற்றிலும் ஓரத்தை அடர் கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ மூடி, உள்ளே வரவர மெலியவிட்டு, நடுவில் வரியைத் திறந்து வையுங்கள். ஓரத்துக்கு மட்டும் சாயத்துக்குப் பதில் நிறமி கலந்த லேக்கர் வேண்டும். சாயம் ஒளியை விடும், நிறமிதான் மறைக்கும். தேய்ந்த இடத்தில் பழைய பசை மின்னினால் அங்கே சாயம் ஏறவே ஏறாது, நிறமியை இன்னும் இரண்டு விரல் உள்ளே தள்ளி அடியுங்கள்.

பிளைவுட் கடையில் கிடைக்கும் வெனீர் ஷீட்டை ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பெரும்பாலும் 3, 4 மி.மீ. பிளையின் மேல் ஒட்டிய வெனீர். கை சாயும் சரிவில் வளையாது. முகப்பும் அந்த அளவு உயர்ந்துவிடும். பிரிட்ஜ், நெக் கோணம் எல்லாம் குழம்பும். ஒட்டுவதானால் அடிப்பலகை இல்லாத அரை மி.மீ. வெனீரைத் தேடுங்கள்.

கேள்வி: சார், எங்கள் தெருவில் சுங்குடிச் சாயவேலை நடக்கிறது. அதே சாயப்பொடியை மேப்பிளில் ஏற்றலாமா? புலிவரி பளிச்சென்று தெரியச் சாயம் ஏற்றும் முறையையும் சொல்லுங்கள்.
(வாசகர், மதுரை)

பதில்: பருத்திச் சாயங்களைப் பிடிக்க வைக்க சோடா உப்போ காஸ்டிக்கோ வேண்டும். அந்தக் காரம் மரத்தின் நிறத்தை மங்கவைக்கும், நாரை எழுப்பும், மேலே அடிக்கும் பூச்சையும் பின்னால் கெடுக்கும். அதனால் வேண்டாம். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் ஆசிட் சாயம் மரத்துக்குப் பொருந்தும். தண்ணீரில் கரையும் மரச்சாயங்களில் பல அந்த வகைதான். வெயிலுக்கு ஓரளவு தாங்க வேண்டுமானால் மெட்டல் காம்ப்ளெக்ஸ் சாயம் கேட்டு வாங்குங்கள். 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிட்டார்களில் பலவற்றில் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்து, மஞ்சள் மட்டும் நின்றுவிட்டது. நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் மாட்டி வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட் கடையில் 'வுட் ஸ்டெயின்' என்று கேட்டால் நிறமி கலந்ததையே எடுத்துக் கொடுப்பார்கள். டப்பாவின் அடியில் மண் போலப் படிந்திருந்தால் அதுதான். கதவுக்கு நல்லது. வரிமரத்தின் மேல் அது மெல்லிய சேறு பூசினது போல உட்கார்ந்து ஒளியை மறித்துவிடும்.

இனி முறை. நாரின் போக்கிலேயே 120, 180, 220 என்று தேய்த்து வாருங்கள். குறுக்கே விழுந்த ஒரு கீறலும் சாயம் ஏறியதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். ஈரத்துணியால் முழுக்க ஒருமுறை துடைத்து, எழும்பும் நாரைக் காயவிட்டு, பழைய 220 தாளால் லேசாகத் தடவுங்கள். விளிம்புப் பட்டை ஓரத்தில் சூப்பர் க்ளூ கசிந்திருந்தால் இந்த ஈரத்தில்தான் காட்டிக்கொடுக்கும்: மற்ற இடம் இருளும், பசை பட்ட இடம் வெளுத்தே நிற்கும். அதை இப்போதே ஸ்க்ரேப்பரால் சுரண்டிவிடுங்கள்.

200 மி.லி. வெந்நீருக்கு 3 கிராம் சாயப்பொடி. ஆறியதும் காபி ஃபில்டர் தாளிலோ மெல்லிய துணியிலோ வடிகட்டுங்கள். கரையாத ஒரு துகள் போதும், மரத்தில் நட்சத்திரம் போலத் தெறிக்கும். ஒரு முகப்புக்கு 100 மி.லி. தாராளம்.

முதலில் கறுப்பு. மேற்சொன்ன கரைசலில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, பனியன் துணியால் வேகமாக முழு முகப்பையும் நனைத்து, அதிகப்படியைத் துடைத்துவிடுங்கள். காயும்போது பார்க்க அழுக்குச் சாம்பலாகப் பயமாக இருக்கும், பயப்பட வேண்டாம். நான்கு மணி நேரம் காய்ந்த பிறகு ரப்பர் கட்டையில் 220 தாளைச் சுற்றி, ஒரே சீராகத் தேய்த்து எடுங்கள். விலாப்பக்கத்தில் சாயம் மேலோட்டமாகத்தான் நிற்கிறது, அது போய்விடும். வெட்டுவாயில் ஆழமாகக் குடித்திருக்கிறது, அது நிற்கும். இருண்ட வரி, வெளிர் வரி என்று மரம் பிரிந்துகொள்ளும். அதன் மேல் உங்கள் நிறத்தை ஏற்றுங்கள். மஞ்சளும் தேன்நிறமும் வேண்டுவோர் கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பில் தொடங்கினால் நன்றாயிருக்கும். மஞ்சளின் கீழே கறுப்பு பச்சை அடிக்கும்.

காய்ந்த சாயம் மங்கலாகச் செத்துப்போய்த் தெரியும். அதைக் கண்டு இன்னொரு கை ஏற்றிவிடாதீர்கள். சாயம் தண்ணீரில் கரைவதாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஒரு மூலையில் லேசாக ஒற்றிப் பாருங்கள். பூச்சு அடித்த பிறகு வரப்போகும் நிறம் அந்த ஈரத்தில் சில வினாடி தெரியும். எந்தக் கலவையையும் முதலில் பிக்கப் வளையத்துக்கு அடியில் மறையும் இடத்தில் சோதிக்க வேண்டும். வேறு பலகையில் வரும் நிறம் உங்கள் பலகையில் வராது.

பட்டையில் பட்ட சாயத்தைச் சவரப் பிளேடால் சுரண்டலாம். பிளேடின் இரு முனையிலும் டேப் சுற்றிக்கொண்டால் பக்கத்து மரத்தில் இறங்காது.

கேள்வி: நடுவில் ஒட்டிய இரட்டைப் பலகை முகப்பு. எப்படிச் சாயம் ஏற்றினாலும் இடது பாதி இருட்டாகவும் வலது பாதி வெளிச்சமாகவும் தெரிகிறது. சாயம் சரியாக ஏறவில்லையா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: சாயத்தின் மேல் தப்பில்லை. கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், இப்போது மறு பாதி இருண்டிருக்கும். ஒரே பலகையைப் பிளந்து புத்தகம் போல விரித்து ஒட்டுவதால் ஒரு பாதியில் நார் நம்மை நோக்கி ஏறும், மறு பாதியில் விலகி இறங்கும். இருட்டாகத் தெரியும் பக்கத்துக்குச் சாயத்தைக் குறைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். மேடையில் விளக்கு வேறு பக்கம் இருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகும்.

கேள்வி: ஐப்பசியில் என்.சி. லேக்கர் அடித்தேன், பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. சித்திரையில் அடித்தேன், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. மதுரையில் எந்த மாதம்தான் அடிப்பது?
(வாசகர், பழங்காநத்தம்)

பதில்: தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. அதற்காக மற்ற மாதம் முழுக்கச் சும்மா இருக்க வேண்டியதில்லை, காரணம் தெரிந்தால் சமாளிக்கலாம்.

தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து லேக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. தேய்த்து எடுக்க வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாளில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும்) தின்னரைப் புகைபோல மெல்லியதாக ஒரு கை அடியுங்கள். லேக்கர் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். அறையில் ஒரு ஈரப்பத மானி மாட்டுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை. அடித்தே ஆக வேண்டுமானால் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர். அதற்கு மேல் போனால் பூச்சு வாரக்கணக்கில் இளகியே கிடக்கும்.

சித்திரை, கத்திரி வெயிலில் நடப்பது நேர் எதிர்: துளி மரத்தில் விழுந்து பரவுவதற்குள் காய்ந்துவிடுகிறது. மெதுவாகக் காயும் தின்னர் போட்டு, கன்னைச் சற்று நெருக்கிப் பிடித்து, காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஆடி மாதம் ஈரமும் இல்லை, சூடும் தாங்கலாம், ஆனால் காற்று. அந்தத் தூசி கதவிடுக்கில்கூட வரும். தரையில் தண்ணீர் தெளித்து அரை மணி கழித்துத் தொடங்குங்கள்.

அளவுகள்: 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில், 25 முதல் 30 பி.எஸ்.ஐ. அழுத்தம், லேக்கரும் தின்னரும் சரிபாதி. சாண்டிங் சீலரை (லேக்கருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரே ஒரு மெல்லிய கையோடு நிறுத்துங்கள். தேய்க்க இலகுவாக இருக்க அதில் சேர்க்கும் ஸ்டியரேட் தடிமனானால் மூட்டம் போடும். இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய வரி அதற்கடியில் மங்கிவிடும். பிறகு 6 முதல் 8 கை லேக்கர், நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நெக் பொருந்தும் பள்ளத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் நெக் உட்காராது, இறுக்கினால் ஓரம் வெடிக்கும்.

மூன்று, நான்கு வாரம் காய்ந்த பிறகே 1000, 1500, 2000 வாட்டர் பேப்பரும் காம்பவுண்டும். நீர் போட்டுத் தேய்க்கும் முன் எல்லாத் திருகாணி ஓட்டைகளிலும் மெழுகை அமுக்கி அடையுங்கள். ஓட்டைக்குள் நீர் இறங்கினால் உள்ளே மரம் ஊதி, ஓட்டையைச் சுற்றிப் பூச்சு விரிசல் விடும்.

லேக்கர் தின்னர் பெட்ரோல் மாதிரி பற்றும். அடுப்போ சாமி விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு பங்கு கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) அடிப்பதானால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குப் பெரும் கேடு. அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். என்.சி.க்கே காற்றோட்டமான இடமும், கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடியும் குறைந்தபட்சம் வேண்டும், கைக்குட்டை போதாது. வீட்டில் செய்கிறவருக்கு என்.சி.யையே சொல்வோம். ஒரு கை அடுத்த கையோடு கரைந்து ஒன்றாகும், தப்பு நடந்தால் திருத்தலாம்.

கேள்வி: பூச்சை எடுத்த மேப்பிளில் தேங்காய் எண்ணெய் தடவினால் வரி நன்றாகத் தெரியும் என்று நண்பர் சொன்னார். தெரிகிறது. அப்படியே லேக்கர் அடிக்கலாமா?
(வாசகி, தல்லாகுளம்)

பதில்: கூடாதும்மா. தேங்காய் எண்ணெய் காயாத எண்ணெய், மரத்துக்குள் ஈரமாகவே இருக்கும். மேலே லேக்கர் பிடிக்காது. கார் டாஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கோன் இதைவிட மோசம்: லேக்கர் அதைக் கண்டு விலகி மீன்கண் போல வட்டக் குழிகள் விடும். தின்னரில் நனைத்த சுத்தமான துணியால், ஒவ்வொரு தடவையும் புதுத் துணி எடுத்து, நான்கைந்து முறை துடையுங்கள். பிறகு மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை இரண்டு மெல்லிய கை பூசி அடைத்து, அதன் மேல் லேக்கர். எண்ணெயில் வரும் அந்த ஆழம்தான் வேண்டுமென்றால் காயும் எண்ணெய்களான ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய் பூசி, இரண்டு வாரம் காயவிட வேண்டும். அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்ட பிறகே எறியுங்கள்.

கேள்வி: மேப்பிள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் பக்கத்து மரத்தில் வரி விழும் மரம் உண்டா?
(வாசகர், நத்தம்)

பதில்: உங்கள் ஊரிலேயே மாமரம் இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டாம். வயதான நாட்டு மாவின் அடிமரத்திலும் கவட்டையிலும் சுருள்வரியும், பூஞ்சை ஓடிய கறுப்புக் கோடுகளும் வரும். ஹவாய்த் தீவுகளில் யுகுலேலே செய்ய மாமரத்தை விரும்பி எடுக்கிறார்கள். குறை ஒன்று, வெட்டிப் போட்டதும் வண்டு துளைக்கும். அறுத்த உடனே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் பூசி, இடையில் கட்டை கொடுத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு வருடம். ஈரம் 10 சதவீதத்துக்குள் வந்த பிறகே 6 மி.மீ. முகப்பாக அறுக்க வேண்டும். பச்சையாக ஒட்டினால் சுருங்கி நடு ஒட்டு பிளக்கும்.

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்திலும், பூவரசின் வைரத்திலும் நல்ல ரேகை உண்டு. இவை தாமே நிறமுள்ள மரங்கள், சாயம் வேண்டாம், தெளிந்த பூச்சு போதும். மேப்பிளைவிடத் துளை பெரியவை என்பதால் முதலில் துளைகளை அடைக்கும் ஃபில்லரைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் லேக்கர் துளைக்குள் அமிழ்ந்து ஊசிக்குத்துப் போலத் தெரியும். தோதகத்தி (ரோஸ்வுட்) மரத்தை அரசு அனுமதிச் சீட்டில்லாமல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பழைய கட்டில், பீரோ பலகையாக முறையாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதிலுள்ள எண்ணெய்ப்பசையைத் தின்னரால் துடைத்த பிறகு ஒட்டுங்கள்.